கூட்டாளியோடு சேர்ந்து ஆடத் தெரிந்த ரோபோ: எஃப்டிசி அணிகளுக்கு முழுமையான வழிகாட்டி

மாணவர்களுக்கான ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் (எஃப்டிசி) ரோபோப் போட்டியில் எந்த ரோபோவும் தனியாக ஆடுவதில்லை. இந்தப் பக்கம் இரண்டு, எதிர்ப்பக்கம் இரண்டு. முதல் 30 விநாடி ரோபோ தானாக ஓட வேண்டும் (இதுதான் ஆட்டோ), அடுத்த 2 நிமிடம் டிரைவர் கையில். தகுதிச் சுற்றில் கூட்டாளி யார் என்பதை அட்டவணைதான் முடிவு செய்யும். ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு அணி வரும். ஆனாலும் பல அணிகள் காலி மைதானத்தில் தங்கள் ரோபோவை மட்டும் ஓட்டிப் பார்த்து, நிமிடத்துக்கு இத்தனை பந்து என்று கணக்குப் போட்டு வடிவமைக்கின்றன. போட்டி நாளில் அந்தக் கணக்கு உடைந்துவிடும். பந்து எடுக்கப் போன இடத்தில் கூட்டாளி நிற்பார், எறிய வேண்டிய மூலையில் அவரே குறுக்கே வருவார், எறிந்த பந்து போய் நிற்கும் ராம்ப் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு வடிவமைப்பு முடிவுக்கும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதனால் கூட்டணியின் மொத்தப் புள்ளி ஏறுகிறதா, அல்லது நம் ரோபோவின் புள்ளி மட்டும் ஏறுகிறதா? இரண்டும் ஒன்றல்ல என்பதை 2025–26 சீசனின் டிகோட் ஆட்டத்தை வைத்தே எண்களோடு பார்க்கலாம். ஆட்டம் ஒவ்வொரு செப்டம்பரிலும் மாறும். கணக்குப் போடும் விதத்தை அடுத்த ஆட்டத்துக்கும் அப்படியே எடுத்துப் போகலாம்.

1. எதெல்லாம் பொதுச்சொத்து என்று முதலில் எழுதுங்கள்

விதி மேனுவலைப் படிக்கும்போது புள்ளிப் பட்டியலுக்கு முன்னால் இன்னொரு பட்டியல் போடுங்கள்: இரண்டு ரோபோவும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியவை எவை? டிகோட்டில் அவை இவை.

பந்துகள்: மைதானம் முழுக்க 36தான். ஊதா 24, பச்சை 12. ஒரு ரோபோ ஒரே நேரத்தில் 3க்கு மேல் வைத்திருக்கக்கூடாது.

ராம்ப்: கோலுக்குள் விழுந்த பந்து வரிசையாக வந்து நிற்கும் இடம். 9 பந்துதான் கொள்ளும். இடம் இருக்கும்போது விழும் பந்துக்கு 3 புள்ளி. ராம்ப் நிரம்பிய பிறகு மேலே வழிந்து போகும் பந்துக்கு 1 புள்ளி.

கேட்: ராம்பின் அடியில் உள்ள கதவு. ரோபோ அதைத் தள்ளித் திறந்தால் நின்ற பந்தெல்லாம் மைதானத்துக்கு உருண்டு வரும், ராம்ப் காலியாகும்.

எறியும் பகுதிகள்: கோலுக்குப் பக்கத்தில் பெரிய முக்கோணம் ஒன்று, பார்வையாளர் பக்கச் சுவரை ஒட்டிச் சிறிய முக்கோணம் ஒன்று. இவற்றுக்கு வெளியே இருந்து எறிய முடியாது.

பேஸ்: கடைசியில் திரும்பி வந்து நிற்க வேண்டிய கட்டம். 18க்கு 18 அங்குலம், கூட்டணிக்கு ஒன்று.

இந்த ஐந்திலும் கூட்டாளி நம்மோடு மோதக்கூடிய இடங்கள் இருக்கின்றன. வடிவமைப்பு வேலையில் பாதி, அந்த மோதலை முன்கூட்டியே தீர்ப்பதுதான்.

2. கணக்கு: வேகம் எங்கே வீணாகிறது

ராம்ப் நிரம்பியிருக்கும்போது 10 பந்து போட்டால் 10 புள்ளி. முன்னதாக ஒரு முறை கேட்டைத் திறந்துவிட்டு முதல் 9 பந்தைப் போட்டிருந்தால் அதே 10 பந்துக்கு 28 புள்ளி. இரண்டு ரோபோவும் வேகமாக எறிபவை, இரண்டுமே கேட்டைத் தொடாதவை என்றால் அந்தக் கூட்டணி ஆட்டத்தின் பெரும்பகுதியை ஒரு புள்ளிப் பந்துகளிலேயே கழிக்கும். ஆகவே கேட்டைத் திறக்கும் வேலையை இன்னார் செய்வார் என்று ஆட்டத்துக்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். அதைச் செய்ய உங்கள் ரோபோவால் முடிந்தே ஆக வேண்டும். தனிக் கை, தனி மோட்டார் எதுவும் வேண்டாம். முன்பக்கத்திலோ பக்கவாட்டிலோ தட்டையான, வளையாத ஒரு தகடு கேட்டின் உயரத்துக்கு இருந்தால் போதும். அதிகாரபூர்வ மைதான வரைபடத்தில் அந்த உயரத்தை அளந்து, உங்கள் கேட் மாதிரியில் இருபது முறையாவது தள்ளிப் பாருங்கள். தகடு குறுகலாக இருந்தால் ரோபோ சற்றுச் சாய்வாக வரும்போது கேட்டிலிருந்து நழுவிவிடும். ரோபோவின் முழு அகலத்துக்கும் வைப்பதே நல்லது.

எதிரணியின் கேட்டைத் தொடுவது ஃபவுல். மேஜர் ஃபவுல் ஒன்றுக்கு எதிரணிக்கு 15 புள்ளி போகும். அதாவது நீங்கள் ஒழுங்காகப் போட்ட ஐந்து பந்து அப்படியே கைமாறுகிறது. எதிரணி கேட் பக்கம் வேகமாகப் போகும் பாதை எதையும் ஆட்டோவில் வைக்காதீர்கள்.

அடுத்தது வண்ண வரிசை. ஆட்டத்தின் தொடக்கத்தில் மூன்று வரிசைகளில் ஒன்று தேர்வாகும்: பச்சை–ஊதா–ஊதா, ஊதா–பச்சை–ஊதா, ஊதா–ஊதா–பச்சை. ராம்பில் நிற்கும் பந்துகள் கேட்டிலிருந்து தொடங்கி இந்த வரிசையை மூன்று முறை திருப்பிச் சொன்னால், பொருந்தும் ஒவ்வொரு பந்துக்கும் 2 புள்ளி. ஆட்டோ முடிவில் ஒரு முறை, ஆட்ட முடிவில் ஒரு முறை எண்ணுவார்கள்.

இங்கேதான் நிறைய அணிகள் உழைப்பைத் தவறான இடத்தில் கொட்டுகின்றன. வண்ணம் பிரிக்கும் பொறி செய்ய ஒரு மாதம் செலவாகும். அது எவ்வளவு தருகிறது? வண்ணம் பார்க்காமலே 9 பந்தை நிரப்பினால் ஒவ்வோர் இடத்திலும் சரியான வண்ணம் விழும் வாய்ப்பு: ஊதா இடத்தில் ஊதா விழுவது மூன்றில் இரண்டை மூன்றில் இரண்டால் பெருக்கி ஒன்பதில் நான்கு, பச்சை இடத்தில் பச்சை விழுவது ஒன்பதில் ஒன்று. ஆக ஒன்பதில் ஐந்து. 9 இடத்துக்குச் சராசரியாக 5 பொருத்தம், 10 புள்ளி. முழுமையாகப் பிரித்துப் போட்டால் 18. பிரிக்கும் பொறியின் பலன் ஒரு முறைக்கு அதிகபட்சம் 8 புள்ளி. ஆட்டம் முடியும்போது ராம்பில் 3 பந்துதான் நிற்கிறது என்றால் எவ்வளவு அழகாகப் பிரித்தாலும் 6க்கு மேல் வராது. முதலில் ராம்பை நிரப்பும் திறமை, பிறகு வண்ணம். முதல் தகுதிப் போட்டிக்குள் இரண்டையும் முடிக்க முடியாவிட்டால் பிரிக்கும் பொறியைத் தள்ளிப்போடுங்கள்.

3. பங்கைத் தேர்ந்தெடுத்தல்

பழைய ஆட்டங்களில் பங்கு பிரிப்பது வெளிப்படையாகத் தெரியும். 2024–25இன் இன்டு தி டீப் ஆட்டத்தில் ஒரு ரோபோ உயரக் கூடையில் போடும் (ஒன்றுக்கு 8 புள்ளி), இன்னொன்று கொக்கி மாட்டிய துண்டை உயரக் கம்பியில் மாட்டும் (10 புள்ளி). இரண்டு இடமும் வெவ்வேறு. கூடையிலேயே போடத் தெரிந்த இரண்டு ரோபோக்கள் சேர்ந்தால் ஒரே மூலையில் வரிசையில் நிற்க வேண்டியதுதான். டிகோட்டில் கோல் ஒன்றே, அதனால் பிரிவு தூரத்தில் வருகிறது: கிட்டே நின்று எறிபவர், தூரத்தில் நின்று எறிபவர்.

கிட்டே நின்று எறிவது சுலபம், ஆரம்பப் போட்டிகளில் பெரும்பாலோர் அதைத்தான் செய்வார்கள். எனவே தூரத்திலிருந்தும் எறியத் தெரிந்த ரோபோ யாரோடும் பொருந்தும். ஆனால் கோண நுணுக்கம் கடுமையானது. 1 டிகிரி தவறினால் 1 மீட்டர் தூரத்தில் 1.7 செ.மீ. விலகும், 3 மீட்டரில் 5.2 செ.மீ. கண்ணால் குறிபார்த்து டிரைவர் அதைச் செய்ய முடியாது. கோல் மேல் உள்ள ஏப்ரில்டேக்கை (எண் கொண்ட கறுப்பு வெள்ளைக் கட்ட அடையாளம்) கேமராவால் பார்த்து (நீலக் கோலில் 20, சிவப்பில் 24) ரோபோ தானே திரும்ப வேண்டும். மைதானத்துக்கு வெளியே நிற்கும் ஒபிலிஸ்க் என்ற தூணில் உள்ள 21, 22, 23 ஆகிய டேகுகள் வண்ண வரிசையைச் சொல்ல மட்டும்தான். இருப்பிடம் கண்டுபிடிக்க அவற்றைப் பயன்படுத்தாதீர்கள், அந்தத் தூண் துல்லியமான இடத்தில் நிற்பதில்லை.

எங்கள் பரிந்துரை: கிட்டே இருந்து 10க்கு 9 விழும்வரை தூரத்தைத் தொடாதீர்கள். அதன்பின் தூரத்தை 10க்கு 7 என்ற அளவுக்குக் கொண்டுவாருங்கள். தூரத்தில் 10க்கு 5தான் விழுகிறது என்றால் சிதறும் பந்துகளால் கூட்டாளியின் பாதைதான் அடைபடும்.

4. சேஸிஸ்: மோதினாலும் சிக்காத உடம்பு

12 அடிக்கு 12 அடி மைதானத்தில் நான்கு ரோபோ ஓடும்போது உரசல் தவிர்க்க முடியாதது. உரசினால் வழுக்கிப் போக வேண்டும், மாட்டிக்கொள்ளக்கூடாது.

அனுமதி 18 அங்குலம் என்பதற்காக 17.9 அங்குலத்தில் கட்டாதீர்கள். 16.5 முதல் 17 அங்குலம் போதும். இந்த ஆட்டத்தில் முழு நேரமும் பக்கவாட்டில் 18க்கு 18ஐத் தாண்டக்கூடாது. மோதலில் வளைந்த ஒரு தகடே உங்களை விதிக்கு வெளியே தள்ளிவிடும். அந்த ஓர் அங்குல இடைவெளி, கூட்டாளிக்கும் சுவருக்கும் நடுவே புகுந்து போகவும் உதவும்.

நான்கு பக்கமும் 3 மி.மீ. பாலிகார்பனேட் தகடு போடுங்கள். அக்ரிலிக் வேண்டாம், ஒரு இடியில் விரிசல் விடும். தகட்டின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 10 மி.மீ. உயரத்தில் இருந்தால் சக்கரம் முழுக்க மறையும், மென்தரைப் பலகையின் இணைப்புகளிலும் தட்டாது. சக்கரம் வெளியே தெரிந்தால் இரண்டு மெக்கானம் ரோபோக்கள் (சாய்ந்த உருளைகள் பதித்த, பக்கவாட்டிலும் ஓடும் சக்கரம் கொண்டவை) ஒட்டி ஓடும்போது ஒன்றின் உருளை மற்றதன் உருளையில் ஏறி, இரண்டும் நின்றுவிடும். இது அடிக்கடி நடக்கும் விபத்து. திருகு முனைகள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. பொத்தான் தலைத் திருகை வெளியிலிருந்து உள்ளே போட்டு, நைலான் பிடி நட்டை உள்பக்கம் வையுங்கள். தொங்கும் வயர், திறந்த கொக்கி, வளையம் எதுவும் வெளிச் சுற்றில் வேண்டாம்.

வேகம்: 104 மி.மீ. மெக்கானம் சக்கரத்தில் 312 ஆர்பிஎம் மோட்டார் போட்டால் விநாடிக்குச் சுமார் 1.7 மீட்டர், 435 ஆர்பிஎம் போட்டால் சுமார் 2.4 மீட்டர். இரண்டாவது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மைதானத்தின் குறுக்களவே 3.6 மீட்டர்தான். பழக்கமில்லாத டிரைவர் 435இல் ஓட்டினால் பிரேக் பிடிப்பதற்குள் கூட்டாளியை இடித்து, அவர் குறியைக் கலைத்துவிடுவார். டிரைவருக்கு நாற்பது மணி நேரமாவது பயிற்சி கிடைக்கும் என்றால் மட்டும் 435. எதைப் போட்டாலும் வேகத்தை 35 சதவீதமாகக் குறைக்கும் ஒரு பொத்தான் கட்டாயம். கூட்டாளிக்குப் பக்கத்தில் போகும்போது டிரைவர் அதை அழுத்திப் பழக வேண்டும்.

5. பந்து எடுப்பதும் எறிவதும்

எறியும் பகுதியில் நீங்கள் நிற்கும் ஒவ்வொரு விநாடியும் கூட்டாளிக்கு அந்த இடம் இல்லை. ஆகவே பார்க்க வேண்டிய அளவு, பகுதிக்குள் நுழைந்ததிலிருந்து மூன்றாவது பந்து கையை விட்டுப் போகும்வரை ஆகும் நேரம். 3 விநாடிக்குள் கொண்டுவாருங்கள். எறியும் சக்கரம் பகுதிக்குள் வந்த பிறகு சுழலத் தொடங்கினால் அதற்கே 1 விநாடிக்கு மேல் போய்விடும். மூன்றாவது பந்து உள்ளே வந்ததும் சக்கரம் தானே சுழல ஆரம்பிக்கும்படி நிரல் எழுதுங்கள்.

சக்கரத்துக்கு மோட்டார் சக்தியை நேரடியாகக் கொடுக்காதீர்கள். சுழற்சியை அளக்கும் என்கோடர் சொல்லும் வேகத்தைப் பார்த்து ஓட்டுங்கள். பேட்டரி ஆட்டத் தொடக்கத்தில் 13 வோல்டுக்கு மேல் இருக்கும். நான்கு ஓட்டும் மோட்டாரும் ஒன்றாக இழுக்கும்போது 11க்கும் கீழே போகும். சக்தியை நிலையாகக் கொடுத்தால் கடைசி 30 விநாடியில் எல்லாப் பந்தும் கோலுக்கு முன்னாலேயே விழும். மூன்று பந்தை அடுத்தடுத்து எறியும்போது ஒவ்வொன்றும் சக்கர வேகத்தைக் குறைக்கும். வேகம் குறியிட்ட அளவுக்கு 3 சதவீதத்துக்குள் திரும்பிய பிறகே அடுத்த பந்தைத் தள்ள வேண்டும். சக்கரத்தோடு ஓர் எஃகு வட்டைச் சேர்த்து நிறையைக் கூட்டினால் வேக இறக்கம் குறையும். ஆனால் சுழன்று ஏறும் நேரம் கூடும். முன்கூட்டியே சுழலவிடுவதால் அந்தக் கூடுதல் நேரம் பாதிக்காது.

நான்காவது பந்து உள்ளே வந்தால் ஃபவுல். பந்து எண்ணிக்கையை டிரைவர் கண்ணுக்கு விடாதீர்கள். ரோபோவுக்குள் பந்து நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் வண்ண உணரி வைத்து, மூன்று நிரம்பியதும் பந்தை உள்ளிழுக்கும் இன்டேக் தானே பின்னோக்கிச் சுழலட்டும். இங்கே ஒரு கண்ணி உண்டு. இந்தப் பந்துகளில் ஓட்டைகள் உண்டு. உணரிக்கு நேராக ஓட்டை வந்து நின்றால் பந்து இல்லை என்றோ, தவறான வண்ணம் என்றோ சொல்லும். இரண்டு உணரிகளைச் சுமார் 3 செ.மீ. இடைவெளியில் வைத்து, இரண்டில் ஏதாவது ஒன்று பந்து என்றால் பந்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே உணரிதான் இருக்கிறது என்றால் பந்து உருண்டு உள்ளே வரும்போதே பலமுறை படித்து, அதிகம் வந்த வண்ணத்தை நினைவில் வையுங்கள். நின்றபின் ஒரு முறை படிப்பதை நம்பாதீர்கள்.

6. ஆட்டோ: கூட்டாளிக்கு ஏற்ப மாறும் பட்டியல்

கூட்டணி உடைவது அதிகமும் இந்த 30 விநாடியில்தான். இரண்டு நல்ல ஆட்டோ ஒன்றாக ஓடினால் நல்ல ஆட்டோ ஆகாது. இரண்டும் தரையில் முன்கூட்டியே அடுக்கி வைத்திருக்கும் ஒரே பந்து வரிசையை எடுக்கப் போய் நடுவில் முட்டிக்கொண்டால் இரண்டுமே இருப்பிடத்தைத் தொலைக்கும். அதற்குப் பிறகு எறிவதெல்லாம் சுவரில் போய் விழும்.

ஐந்தாறு தனித்தனி நிரல் எழுதாதீர்கள். ஒரே நிரல், ஆட்டத்துக்கு முன் கேம்பேடில் தேர்வு செய்யும் ஒரு பட்டியல் என்று அமையுங்கள்:

அணி நிறம். தொடங்கும் இடம், கோல் அருகிலா சுவர் அருகிலா. தொடங்கும் முன் காத்திருப்பு, 0 முதல் 10 விநாடி வரை, அரை விநாடிப் படியில். எந்தெந்தப் பந்து வரிசைகளை எடுப்பது, தனித்தனியாக ஆம் அல்லது இல்லை. கேட் திறப்பதா. முடிவில் எங்கே போய் நிற்பது.

தேர்வு செய்ததெல்லாம் டிரைவர் பக்கக் கருவியான டிரைவர் ஹப்பின் திரையில் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். கோச் அதை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்த பிறகே ரோபோவை விட்டு விலக வேண்டும். சிவப்புக்கு எழுதிய பாதையை நீலத்துக்கு மாற்ற, 144 அங்குல மைதானத்தில் குறுக்களவு எண்ணை 144இலிருந்து கழியுங்கள், திசைக் கோணத்தை 180 டிகிரியிலிருந்து கழியுங்கள். டிகோட் மைதானம் கண்ணாடிப் பிம்பம்போல் இருப்பதால் இது சரியாக வரும். எல்லா ஆட்டத்திலும் அப்படி இருக்காது. இன்டு தி டீப் மைதானம் 180 டிகிரி சுழற்றியதுபோல் இருந்தது.

பங்கு பிரிப்பதற்கு எளிய வழி: கோல் அருகே தொடங்குபவர் கோலுக்குப் பக்கத்து வரிசையும் நடு வரிசையும் எடுக்கட்டும். சுவர் அருகே தொடங்குபவர் தன் பக்கத்து வரிசையும் லோடிங் பகுதிப் (மனித வீரர் கையால் பந்து வைக்கும் இடம்) பந்துகளும் எடுக்கட்டும். மைதானத்தின் குறுக்கே கற்பனையாக ஒரு கோடு போட்டு, யாரும் அதைத் தாண்டாமல் பாதை எழுதினால் மோதலே இல்லை.

ஆட்டோவில் கேட்டைத் திறக்கலாமா? கணக்குப் பார்ப்போம். இருவரும் சேர்ந்து 12 பந்து போடப் போகிறீர்கள். திறக்காவிட்டால் 9 பந்துக்கு 27, வழியும் 3 பந்துக்கு 3, வண்ணப் பொருத்தம் சராசரி 10, மொத்தம் 40. ஒன்பதாவது பந்துக்குப் பின் திறந்தால் 12 பந்துக்கு 36, மீதி நிற்கும் 3 பந்தில் பொருத்தம் சுமார் 3, மொத்தம் 39. திறந்து பயனில்லை. 15 பந்து என்றால் திறக்காமல் 43, திறந்தால் 45 கூட்டல் சுமார் 7, கிட்டத்தட்ட 52. ஆக, இரண்டு ரோபோவும் சேர்ந்து 15 பந்தை நிச்சயமாகப் போடும் என்றால் மட்டுமே ஆட்டோவில் கேட்டைத் தொடுங்கள். கூட்டாளியிடம் "உங்கள் ஆட்டோ எத்தனை பந்து போடும்?" என்று கேட்காதீர்கள், "கடைசி மூன்று ஆட்டத்தில் எத்தனை விழுந்தது?" என்று கேளுங்கள்.

27ஆவது விநாடி வந்ததும், என்ன வேலை பாதியில் நின்றாலும், ரோபோ எறியும் பகுதிக் கோட்டை விட்டு வெளியே வர வேண்டும். அதற்கு 3 புள்ளி. இந்த 3 புள்ளியின் மதிப்பு அடுத்த பகுதியில் தெரியும்.

7. பேஸ்

ஒரு ரோபோ ஓரளவு உள்ளே இருந்தால் 5, முழுதாக இருந்தால் 10, இரண்டும் முழுதாக இருந்தால் கூடுதலாக 10. கட்டம் ஒரு ரோபோவின் அளவே. எனவே இரண்டும் முழுதாக நிற்க, ஒன்று மேலே எழும்பி மற்றதற்கு இடம் விட வேண்டும். பார்க்க அருமையான காட்சி. அதற்காகத் தூக்கும் பொறி கட்டலாமா?

தூக்காமல், ஒருவர் முழுதாகவும் இன்னொருவர் ஓரமாகவும் நின்றால் 15. தூக்கினால் 30. வித்தியாசம் 15, அதாவது ஐந்து பந்து. கடைசி 15 விநாடியை இதற்காகவே இருவரும் ஒதுக்கினால், அந்த நேரத்தில் ஆளுக்கு ஒரு சுற்று எறியும் அணிகளுக்கு 18 புள்ளி போகும். தூக்கும் பொறி 6 விநாடிக்குள் வேலையை முடித்தால்தான் லாபம். 14 கிலோ ரோபோவை அரை மீட்டர் தூக்கத் தேவையான சக்தி பெரிதல்ல. சாயாமல் தூக்குவதுதான் பெரிது. நான்கு மூலையும் ஒரே அளவில் ஏறாவிட்டால் ரோபோ கீழே நிற்கும் கூட்டாளியின் மேல் கவிழும். முதல் வருட அணிகள் இதில் இறங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஆனால் பேஸை விட்டுவிடவும் கூடாது. ஆட்டோவில் கோட்டை விட்டு வெளியேறிய புள்ளியும் பேஸ் புள்ளியும் சேர்ந்து 16 வந்தால், ஜெயித்தாலும் தோற்றாலும் கூட்டணியின் இரண்டு அணிக்கும் தரவரிசையைத் தீர்மானிக்கும் ரேங்கிங் பாயின்ட் ஒன்று உண்டு (தகுதிப் போட்டிகளில் உள்ள அளவு இது, மேல்நிலைப் போட்டிக்குப் போகுமுன் மேனுவலைப் பாருங்கள்). இருவரும் வெளியேறினால் 6, ஒருவர் பேஸில் முழுதாக நின்றால் 10. சரியாக 16. ஒருவர் ஆட்டோவில் அசையவே இல்லை என்றால் 13தான். இன்னொருவரும் பேஸில் ஓரமாகவாவது தொட்டாக வேண்டும்.

அதனால் தூக்கும் பொறிக்குப் பதில் இரண்டு பொத்தான் வையுங்கள். ஒன்று ரோபோவைத் தானாகப் பேஸின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தும், இன்னொன்று ஒரு மூலை மட்டும் உள்ளே இருக்கும்படி ஓரத்தில் நிறுத்தும். யார் முழுதாக, யார் ஓரமாக என்று வரிசையில் நிற்கும்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

8. கடைசி 40 விநாடி

இதை ஒரு திட்டமாகவே பயிற்சி செய்யுங்கள். 40 விநாடி மீதி இருக்கும்போது கேட்டைத் திறப்பவர் திறக்கிறார். ராம்ப் காலி. இப்போது 9 இடத்தையும் நிரப்ப வேண்டும்: மூன்று பந்து வீதம் மூன்று சுற்று. ஒருவர் வண்ணம் பிரிப்பவர், மற்றவர் பிரிக்காதவர் என்றால் யார் முதலில்? பிரிப்பவர் முதல் இரண்டு சுற்று, பிரிக்காதவர் கடைசிச் சுற்று. காரணம்: பிரிக்காதவர் முதலில் எறிந்து அதில் ஒரு பந்து தவறினால், அதற்குப் பின் வரும் எல்லாப் பந்தும் ஓர் இடம் முன்னே தள்ளி நிற்கும், பிரித்த உழைப்பு முழுக்க வீண். கடைசியில் எறிந்தால் தவறு அந்த மூன்று இடத்தோடு நிற்கும். பிரிப்பவர் ஒன்றைத் தவறவிட்டால் அவரே அதே வண்ணத்தைத் திரும்ப எடுத்து வர வேண்டும். அவருடைய கோச் ராம்பை மட்டுமே பார்த்து, நிற்கும் பந்துகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

9. நின்றுபோகாத மின்சாரம்

உங்கள் ரோபோ நடுவில் நின்றுபோனால் கூட்டாளி தனியாக ஆட வேண்டும், போதாததற்கு நீங்கள் அவர் பாதையில் கல்லாக நிற்பீர்கள். மென்தரையில் மெக்கானம் சக்கரம் உரசி நிலைமின்சாரம் சேர்வது தெரிந்த சிக்கல். வேறொரு ரோபோவையோ கோலையோ தொட்ட நொடியில் அது பாய்ந்து, ரோபோவை இயக்கும் கணினியான கன்ட்ரோல் ஹப் செயலிழக்கும். விதி அனுமதிக்கும் மின்தடை உள்ள தரையிணைப்பு வயரால் சட்டகத்தை ஹப்போடு இணையுங்கள். ஹப்பை உலோகத்தில் நேரடியாகத் திருகாமல் பிளாஸ்டிக் தட்டின் மேல் வையுங்கள். பேட்டரி இணைப்பு, கேமராவின் யுஎஸ்பி, மோட்டார் வயர் மூன்றையும் இணைப்பிலிருந்து 3 செ.மீ.க்குள் கட்டி, இழுப்பு இணைப்பில் விழாதபடி செய்யுங்கள். சோதனை: ரோபோவை இயக்கத்தில் வைத்துவிட்டு ஒவ்வொரு வயரையும் பிடித்து ஆட்டுங்கள், சட்டகத்தை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். இணைப்பு துண்டித்தால் அங்கேயே சரிசெய்யுங்கள்.

10. கூட்டாளி இல்லாமல் கூட்டாளியோடு பயிற்சி

இரண்டாவது ரோபோ இல்லாத அணிகள்தான் அதிகம். போன வருட சேஸிஸ் இருந்தால் அதன் மேல் 18 அங்குலப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து ஒரு மாணவர் ஓட்டட்டும். அதுவும் இல்லையென்றால் ஓர் அட்டைப்பெட்டியைக் கயிற்றில் கட்டி இழுத்தால்கூடப் போதும். பெட்டியை எறியும் பகுதியின் நடுவில் வைத்து, மீதி இடத்திலிருந்து எறிய முடிகிறதா என்று பாருங்கள். ஆட்டோ பாதையில் குறுக்கே வைத்து, முட்டியபின் ரோபோ என்ன செய்கிறது என்று பாருங்கள். இலக்கை அடையாமல் 2 விநாடி ஒரே இடத்தில் தள்ளிக்கொண்டிருந்தால், அந்த வேலையைக் கைவிட்டு அடுத்ததற்குப் போகும்படி நிரலில் எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மீதி ஆட்டோ முழுக்க கூட்டாளியைச் சுவரோடு அழுத்திக்கொண்டே இருக்கும்.

11. போட்டி நாளில்

அரைப் பக்கச் சீட்டு ஒன்று அச்சடித்து எடுத்துப் போங்கள்: ரோபோவின் நீள அகல உயரம், எந்தப் பக்கம் தொடங்க முடியும், ஆட்டோ பாதையின் சின்னப் படம், கடைசி ஆட்டங்களில் விழுந்த பந்து எண்ணிக்கை, கேட் திறக்க முடியுமா, வண்ணம் பிரிக்குமா, பேஸில் எப்படி நிற்கும். அடுத்த கூட்டாளியின் இடத்துக்கு இரண்டு ஆட்டம் முன்னதாகவே போய்ப் பேசுங்கள். வரிசையில் நிற்கும்போது பேசத் தொடங்கினால் நிரல் மாற்ற நேரம் இருக்காது. மனித வீரர் எந்த அணியிலிருந்து, ஆட்டோவில் யார் எவ்வளவு காத்திருப்பது, கடைசி 40 விநாடியில் யார் என்ன செய்வது, பேஸில் யார் முழுதாக என்ற நான்கும் முடிவாகிவிட்டால் போதும்.

கூட்டாளியிடம் ஆட்டோவே இல்லாமல் இருக்கலாம், அது சகஜம். அரை விநாடி மெதுவாக முன்னால் போய் நிற்கும் நிரலை, எஃப்டிசி அணிகள் நிரல் எழுதும் இரண்டு முறைகளான பிளாக்ஸ் வடிவிலும் ஆன்பாட் ஜாவா வடிவிலும் தயாராக வைத்திருங்கள். மோட்டார் பெயர்களை மட்டும் அவர்கள் அமைப்புக்கு ஏற்ப மாற்றினால் பத்து நிமிடத்தில் ஓடும். அந்த 3 புள்ளி அவர்களுக்கும் உங்களுக்கும் சேர்ந்தே ஏறும். நிரலை நீங்களே ஏற்றிவிட்டு வராமல், அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள். அடுத்த ஆட்டத்தில் அவர்கள் வேறொருவரோடு ஆட வேண்டும்.

கூட்டணித் தேர்வுக்குப் பட்டியல் போடும்போது ரேங்க் வரிசையை அப்படியே எடுக்காதீர்கள். அட்டவணை அதிர்ஷ்டத்தால் மேலே வந்தவர்களும் அதில் இருப்பார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஐந்து கேள்வி குறித்து வாருங்கள்: எங்கிருந்து எறிகிறார்கள், ஆட்டோவில் நம் பக்கத்தைத் தொடுகிறார்களா, கேட் திறக்கிறார்களா, எத்தனை ஆட்டத்தில் ரோபோ நின்றது, கூட்டாளி சொல்வதை அவர்கள் கோச் கேட்கிறாரா. நீங்கள் கிட்டே எறிபவர் என்றால், உங்களைவிடச் சற்று வேகமான இன்னொரு கிட்டே எறிபவரைவிட நம்பகமாகத் தூரத்திலிருந்து எறிபவர் மேல். பட்டியலில் முதல் மூன்று அணிகளிடம் தேர்வுக்கு முன்பே போய், இருவர் ஆட்டோவும் ஒன்றாக ஓட முடியுமா என்று பாதைப் படத்தை அருகருகே வைத்துப் பாருங்கள். ஓர் அழைப்பை மறுத்த அணியை வேறு கேப்டன் பிறகு அழைக்க முடியாது. ஆகவே யாரிடமிருந்து அழைப்பு வந்தால் ஏற்பது, யாருக்கு மறுப்பது என்பதைத் தேர்வு தொடங்கும் முன்பே அணிக்குள் எழுதி, மைதானத்துக்குப் போகும் மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள்.